கரை ஏறிய பின் வெட்டுக

மங்கலம் பெருகுக. ஏழு ஆறுகளும் தத்தம் கரைக்குள் அடங்கி ஓடுக. அவற்றின்மேல் செல்லும் படகுகள் எல்லாம் புறப்பட்ட எண்ணம் பிழையாது சேருமிடம் சேர்க.

ஏழாற்று நாட்டுக்கு உடையவரும், நீர்க்காகக் கொடியை உயர்த்தியவரும், முகில்வாயில் பேரணையை எடுப்பித்துத் தாழ்ந்த நிலங்களைத் தண்ணீரினின்று மீட்டவரும், வழக்கென்று வந்தாரை வெறுங்கையோடு அனுப்பாதவருமாகிய செழுங்கோதை மாதேவியார் திருமுன்பு, துறைகள் யாவற்றையும் காக்கும் துறைநாயகம் பெருஞ்சாத்தனார் நெடுங்கிடையாக விழுந்து செய்துகொள்ளும் விண்ணப்பம். முழங்கால் வீங்கியிருப்பதனால் விழுந்தது மனத்தளவில் என்பதையும் மறையாமல் எழுதச் சொன்னார். எழுதுபவன் அவருடைய ஓலைக்காரன் தித்தன். எழுதும் இடம் வெள்ளிலைத் துறையின் சுங்கச் சாவடி.

தேவியாரின் திருவோலை வந்து சேர்ந்தது. துறைநாயகர் அதைத் தலைமேல் தாங்கி, முத்திரையைக் கண்ணில் ஒற்றி, பிரித்து ஒருமுறை தாமே படித்தார். பிறகு அடியேனைப் படிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெள்ளிலைத் துறையின் படகுக்காரி கொற்றி என்பவள், ஆற்றைக் கடக்கும் முன் வெட்ட வேண்டிய கூலி வில்லையைக் கடந்த பின்பே வெட்டி அரசாணையை மீறி வருகிறாள் ஆதலின், அவளுடைய படகை ஊரார் காணக் குறுக்காக அறுத்துக் கரையில் இடுக என்பது கட்டளை. கேட்டு முடித்த பின்னும் துறைநாயகர் கண்ணைத் திறக்கவில்லை. உறங்கிவிட்டாரோ என்று அடியேன் அருகில் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

படகு அறுபடவில்லை. இந்தச் செய்தியை ஓலையின் கடைசியில் நயம்படச் சொல்லலாமே என்று அடியேன் சொல்லிப் பார்த்தேன். சுற்றி வளைத்துப் பேசும் வயதைத் தாம் தாண்டிவிட்டதாகவும், தேவியார் கடைசி ஏடு வரை படிக்கும் முன் கோபம் வந்துவிடுமானால் அது முதல் ஏட்டிலேயே வந்து தொலையட்டும் என்றும் துறைநாயகர் கூறிவிட்டார். இனி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வில்லை வருமுன் நம் துறைகள் கிடந்த நிலையைத் தேவியார் மறந்திருக்க மாட்டார். படகுக் கூலியாக ஒருவர் நெல் தருவார், ஒருவர் புளி தருவார், ஒருத்தி முட்டை தருவாள், கையில் ஒன்றுமில்லாதவன் ஒரு பாட்டைப் பாடி ஒப்பேற்றுவான். முட்டை பெரியதா சிறியதா என்று வாதாடி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். அக்கரைச் சந்தைக்குப் போகும் கீரைக்கட்டு வாடிவிடும். காசு கொடுத்தவருக்குத் திருப்பித் தரச் சில்லறை எந்தப் படகுக்காரரிடமும் இருந்ததில்லை. இருந்தாலும் இல்லை என்பார்கள். ஒரு துறையில் செல்லும் கூலி அடுத்த துறையில் செல்லாது. நாளும் பொழுதும் இந்த வழக்குகளைக் கேட்டுக் கேட்டே துறைநாயகருக்குத் தலை நரைத்தது என்று அவர் வீட்டில் சொல்வார்கள்.

அந்தத் தொல்லை தீரத் தேவியார் அருளியது செப்பு வில்லை. பண்டாரச் சாளரத்தில் முன்னதாகவே பொருள் செலுத்தி வாங்கி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொள்ள வேண்டியது. விளிம்பைச் சுற்றிலும் பற்கள். ஒரு பயணத்துக்கு ஒரு பல்லைப் படகுக்காரர் குறட்டால் வெட்டிவிடுவார். பற்கள் தீர்ந்த வில்லையைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாம். ஏழு ஆற்றில் எந்தத் துறையிலும் அது செல்லும். முட்டைக்கும் வேலையில்லை, சில்லறைக்கும் வேலையில்லை. துறைநாயகர் இந்த வில்லையை மனதார விரும்பினார், இன்றும் விரும்புகிறார். இவ்வோலை வில்லைக்கு எதிரானது என்று பண்டாரநாயகர் மழவரையர் சொல்லக்கூடும். அப்படி அன்று.

பல்லை எப்போது வெட்டுவது என்ற கேள்வி அவையில் எழுந்தபோது, படகில் ஏறும் முன்பே வெட்டிவிட வேண்டும் என்று மழவரையர் சொன்னார். பின்பு வெட்டலாம் என்று விட்டால் கரை நெருங்கும்போதே இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து ஓடிவிடுவார்கள் என்று அவர் காட்டிய காரணம் சரியான காரணமே. அவையில் எவரும் மறுக்கவில்லை. மறுப்பதற்கு எவருக்கும் ஒன்றும் தெரியாது. அங்கே இருந்தவர்கள் யாவரும் அரண்மனைப் படகில் ஆற்றைக் கடப்பவர்கள். அந்தப் படகில் எக்கரையிலும் எவரும் எதுவும் கொடுத்ததில்லை.

வெள்ளிலைத் துறையில் வில்லையைத் தொடங்கிவைத்த நாளில் முரசு அறைந்தார்கள். குறட்டுக்கு மாலை போட்டார்கள். முதல் ஆளாக வந்தவள் பூ விற்பவள் ஒருத்தி. சிரித்த முகத்தோடு வில்லையை நீட்டினாள். படகுக்காரர் குறட்டை விரித்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு பின்னால் போனாள். அவள் பின்னால் போக, அவளுக்குப் பின்னால் நின்றவரும் போக, துறை முழுவதும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு மேடேறிவிட்டது. குறட்டைக் கண்டு பயந்துவிட்டார்கள் என்று துறைநாயகர் எண்ணினார். தம் மேலாடையில் ஒரு நூலை அதால் வெட்டிக் காட்டி, பாருங்கள், கடிக்காது என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நாங்கள் என்ன பாடையிலா போகிறோம் என்று கூட்டத்தில் யாரோ கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

அப்போதுதான் விசாரித்தார். வெள்ளிலை ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஊர்கள். அந்தப் பக்கம் சந்தையும், சந்தையைத் தாண்டிச் சுடுகாட்டு மணல்திட்டும். உயிரோடு கடப்பவர் அக்கரையில் கால் வைத்த பிறகே கூலி கொடுப்பார். பத்திரமாகச் சேர்த்துவிட்டேன், இனி கொடு என்பது போலப் படகுக்காரரும் அதுவரை கை நீட்டமாட்டார். பாடை ஏறும்போது மட்டும், துடுப்பு தண்ணீரைத் தொடும் முன்பே, கூலியை வாங்கிவிடுவார்கள். ஏனெனில் இறங்கிக் கொடுக்க அந்தப் பயணிக்கு முடியாது. ஆகவே இந்த ஆற்றங்கரையில், ஏறும் முன் கூலி கொடுத்தவர் பிணமாகப் போனவர். நாம் முரசறைந்து, மாலை போட்டு, ஒரு நாட்டையே பிணமாக ஏறச் சொல்லியிருக்கிறோம்.

மூடப் பழக்கம், நாளடைவில் மாறிவிடும் என்று மழவரையர் எழுதினார். துறைநாயகரும் அப்படித்தான் நம்பினார். வெட்டுவது கூலி அன்று, வெறும் அடையாளமே என்று பறையறைவித்தார். பலிக்கவில்லை. குறட்டைக் கோயிலில் வைத்துப் பூசை செய்வித்தார். பூசாரி பூசைக்குரியதைப் பெற்றுக்கொண்டு, பூசை முடிந்ததும் ஒரு நாள் வழி சுற்றிப் பாலம் தேடி வீட்டுக்கு நடந்தே போனார்.

எண்ணெய் வணிகர் சேந்தனார் ஒருவர்தான் துணிந்தார். சந்தையில் அவருக்கு அவசர வேலை. ஏறும் முன் பல்லை வெட்டக் கொடுத்துக் கடந்துபோய், எண்ணெயை விற்றுவிட்டு மாலையில் திரும்பினார். வீட்டு வாசலில் மனைவி நின்றாள். கையில் நீர்ச்சொம்பு இருந்தது, ஆனால் கொடுக்கவில்லை. போனவர் திரும்பி வந்தால் பிறந்தவருக்குச் செய்வதையெல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். பெயர் வைத்துத் தொட்டிலில் கிடத்தும் சடங்கு வரைக்கும். அதற்குள் அவர் தம்பி, அண்ணன் காலமான பின் செக்கு யாருக்கு என்று மிகுந்த பணிவோடு வழக்குத் தொடுத்தான். துறைநாயகர் வழக்கைக் கேட்டு, சேந்தனார் உயிரோடிருக்கிறார் என்று தீர்ப்புச் சொன்னார். அதைச் செப்பேட்டில் பொறித்துத் தர வேண்டும் என்று தம்பி கேட்டான். எல்லாவற்றுக்கும் மேலாகத் துறைநாயகரை வாட்டியது சேந்தனாரின் முகம். தீர்ப்பைக் கேட்ட பிறகும் அந்த மனிதர் அடிக்கொரு தரம் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

அதன் பின் படகுகள் வெறுமையாக நின்றன. சந்தைக்குப் போக வேண்டியவர்கள் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நீந்தினார்கள். வாழைத்தண்டைக் கட்டி மிதந்தார்கள். நள்ளி என்பவள் தன் ஆட்டை விற்க அப்படிப் போனாள். நடு ஆற்றில் தண்டு பிரிந்தது. ஆடு கரை ஏறியது. நள்ளியைத் திட்டின் நாணலுக்குள் தேடி எடுத்தார்கள். அவள் கழுத்தில் கிடந்த வில்லையில் ஒரு பல்லும் வெட்டுப்படவில்லை. பண்டாரத்துக்கு இழப்பு இல்லை என்று துறைக்கண்காணி எழுதி அனுப்பினான். அந்த வரியைப் படித்த அன்று துறைநாயகர் சோறு உண்ணவில்லை.

கொற்றி தன் படகில் குறட்டை மறுகரைக்கு மாற்றியது நள்ளியை எரித்த மறுநாள். ஏறும்போது யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. குறட்டைப் படகின் முனையில் எட்டாத உயரத்தில் கட்டிவைத்து, அக்கரையில் இறங்கியவர்களின் வில்லைகளில் ஆளுக்கொரு பல் வெட்டினாள். அவள் படகு நிரம்பியது. மற்றவர் படகுகள் வெறுமையாகவே நின்றன. அவளைப் பற்றித் தேவியாரிடம் உயர்வாகச் சொல்லத் துறைநாயகருக்கு ஆசையில்லை. வாய்த்துடுக்குக்காரி. தன் தங்கை பிள்ளைகளின் வில்லையை வெட்டுவதே இல்லை. குதித்து ஓடியவர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. மழவரையர் அஞ்சியது வீணன்று. தட்டிக்கேட்ட கண்காணியை அவள் ஆற்றில் தள்ளினாள் என்பது குற்றச்சாட்டு. தான் தள்ளவில்லை, படகு நகர்ந்தது, ஐயா நகரவில்லை என்பது அவள் விடை. இந்தக் குற்றச்சாட்டே வளர்ந்து தேவியார் வீற்றிருக்கும் முகில்வாயில் வரை சென்று, அங்கிருந்து படகை அறுக்கும் கட்டளையாகத் திரும்பி வந்தது.

துறைநாயகர் மரத்தச்சரையும் மரம் அறுக்கும் வாளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டளையை இரு கரையிலும் படித்த பின்பே நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. இக்கரையில் அடியேன் படித்தேன். கொற்றி இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். அழவில்லை, காலில் விழவும் இல்லை. இதை அறுத்தால் சந்தைக்கு யார் கொண்டு விடுவார், உங்கள் தங்கக் குடம் போட்ட அரண்மனைப் படகா என்று மட்டும் கேட்டாள். அக்கரையில் படிக்க அரண்மனைப் படகை வரவழைத்தோம். ஆற்றில் நீர் வற்றியிருந்தது, அது மணலில் தட்டி நின்றுவிட்டது. அறுக்கப் போகும் படகிலேயே ஏறிப் போய், அறுப்பதற்கான கட்டளையைப் படித்துவிட்டு வர வேண்டிய நிலை துறைநாயகருக்கு நேர்ந்தது. தச்சர் வாளைத் துண்டால் மூடிக்கொண்டார்.

தாமே தொடங்கிவைத்த சட்டம் ஆதலால், ஏறும் முன் துறைநாயகர் தம் வில்லையை நீட்டினார். உயிரோடு இருப்பவரிடம் இக்கரையில் கூலி வாங்கும் வழக்கம் தன் குடியில் இல்லை என்றாள் கொற்றி. சட்டம் அதுவே என்றார் துறைநாயகர். அப்படியானால் சட்டமே வெட்டிக்கொள்ளட்டும் என்று முனையிலிருந்து குறட்டை அவிழ்த்து அவர் கையில் வைத்துவிட்டு அவள் துடுப்பின் பக்கம் போய்விட்டாள்.

துறைநாயகர் குறட்டை விரித்தார். வில்லையின் பல்லைக் குறட்டின் வாய்க்குள் வைத்தார். அழுத்த வேண்டியதுதான்.

தேவியார் அறிவார், சென்ற மழைக்காலத்தில் துறைநாயகரின் மனைவியார் நங்கையார் மறைந்தார். மாலையும் பட்டும் தேவியாரே அனுப்பி அருளினார். அரண்மனைப் படகு பாடை ஏற்றாது. ஆகவே இந்தத் துறையில், ஏதோ ஒரு படகில்தான் அவரைக் கொண்டுபோனார்கள். அன்று பாடையைத் தூக்கி வைத்ததும் யாரோ ஒருவர் துறைநாயகரின் வேட்டி முந்தியில் முடிந்திருந்த காசை அவிழ்த்து எடுத்தார். ஏன் எடுக்கிறார் என்று அவர் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் இல்லை. காசு கை மாறியது, பிறகு படகு நகர்ந்தது. இத்தனை நாள் இந்த வழக்கத்தை ஊரார் வாயால் கேட்டும், பறையறைந்தும், தீர்ப்புச் சொல்லியும், அது தம் முந்தியிலிருந்து போன காசு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. குறட்டை விரித்து நின்றபோது தோன்றியது. நங்கையாருக்குக் கொடுத்தாயிற்று, எனக்கு இன்னும் இல்லை என்று தமக்குள்ளேயே சொல்லிக்கொண்டதாக அடியேனிடம் பிறகு சொன்னார். அந்த இடத்தில் அவர் குரல் உடைந்தது. அதை எழுத வேண்டாம் என்றார், எழுதிவிட்டேன்.

குறட்டை மடக்கிக் கொற்றியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகில் ஏறி அமர்ந்தார். அக்கரையில் இறங்க அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. தச்சர் ஒரு கையும் கொற்றி ஒரு கையும் கொடுத்து இறக்கினார்கள். மணலில் இரு காலும் ஊன்றிய பிறகு கொற்றி கை நீட்டினாள். வில்லையைக் கொடுத்தார். பல் வெட்டுப்படும் சத்தம் கேட்டது. மழைக்காலத்துக்குப் பிறகு, தாம் உயிரோடுதான் இருக்கிறோம் என்பது அன்றைக்கே தமக்கு உறைத்தது என்றும், அப்படி உறைத்ததில் மகிழ்ச்சியைவிடக் களைப்பே மிகுதி என்றும், இருந்தாலும் அது பரவாயில்லை என்றும் சொன்னார்.

அக்கரையில் கட்டளை படிக்கப்படவில்லை. தச்சருக்கு அன்றைய கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இனித் துறைநாயகரின் விண்ணப்பம். வெட்டாத வில்லையோடு ஒருவரை ஏற்றிச் செல்லும் படகும், அப்படி ஏறிச் செல்லும் ஆளும் ஒரே தண்டனைக்கு உரியவர் என்று நம் சட்டம் சொல்கிறது. படகு அறுபட வேண்டுமானால் அன்று அதில் ஏறிப்போன பெருஞ்சாத்தனும் பதவி இழக்க வேண்டும். இரண்டையும் தேவியார் சேர்த்தே செய்தருளலாம்; துறைநாயகர் மறுப்பு எழுத மாட்டார். உண்மையில் வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்க அவருக்கு மிகவும் ஆசை. இரண்டில் ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்பதே அவர் வேண்டிக்கொள்வது.

அந்த முடிவு வரும்வரை தேவியாரின் இலச்சினை அவர் பொறுப்பில் இருப்பதால், அதன் வலிமையைக் கொண்டு ஏழு ஆற்றின் துறைகளுக்கும் அவர் இடும் ஆணையாவது: வில்லை இருக்க, பண்டாரச் சாளரமும் இருக்க. பல் வெட்டுவது மட்டும் இறங்கும் கரையில், கால் மண்ணில் ஊன்றிய பின் நடைபெறுக. குதித்து ஓடுவாரைப் பிடிக்க வேண்டுமானால் கண்காணிகள் நிழலை விட்டு எழுந்து இறங்கும் கரைத் தண்ணீரில் முழங்காலளவு நிற்க. அவர்கள் கால் நனைவது அரசுக்கு இழுக்கு ஆகாது. கொற்றியும் தன் தங்கை பிள்ளைகளின் வில்லையை வெட்டுக. கண்காணி ஐயாவிடம் ஒருமுறை பணிந்து பேசுக. பாடைக்கு வில்லை வேண்டா. அதற்கு உரியதை ஊரார் பண்டு தொட்டுக் கொடுத்தவாறே கொடுக்க. எண்ணெய் வணிகர் சேந்தனார் உயிரோடிருக்கிறார், செக்கு அவருடையது, தொட்டிலில் அவரைக் கிடத்த வேண்டா. நள்ளியின் வில்லையைப் பண்டாரம் திரும்பப் பெற்று, அதில் வெட்டப்படாது நிற்கும் பற்கள் அத்தனைக்கும் உரிய பொருளை அவள் மக்கள் கையில் கொடுக்க. இழப்பு இல்லை என்று எழுதிய கண்காணியே அதைக் கொண்டுபோய்க் கொடுக்க.

இந்த ஆணை நீர் ஓடும் அளவும், துறை நிற்கும் அளவும் செல்வதாக. இதை மாற்றுவார் யாராயினும், முதலில் வெள்ளிலைத் துறைக்கு வந்து, இக்கரையில் நின்று, தம் வில்லையைத் தம் கையாலேயே வெட்டிவிட்டுப் பின் படகில் ஏறி, அதன் பின் மாற்றுக. தேவியாருக்கும் இது பொருந்துமா என்று அடியேன் கேட்டேன். எழுதியதை அழிக்கத் துறைநாயகர் சொல்லவில்லை.

தேவியாரின் இலச்சினை அன்று துறைநாயகரின் கழுத்தில், வில்லைக் கயிற்றோடு சேர்ந்தே தொங்கியது. இக்கரையில் பல் வெட்டுப்பட்டிருந்தால் அதுவும் அவரோடு பாடை ஏறியிருக்கும். அதன் பிறகு அது பதிந்த எந்த ஓலைக்கும் இந்த ஆற்றங்கரையில் ஒருவரும் தலை வணங்கியிருக்க மாட்டார். அது உயிரோடு கரை ஏறியது. அந்த இலச்சினையே இவ்வோலைக்கு இடப்பட்டது.